‘செக்’ என்னும் சொல்: கேள்வி பதில்

கேள்வி: சதுரங்கத்தில் ‘செக்’ வைக்கிறோம், வங்கியில் ‘செக்’ கொடுக்கிறோம், சாலையில் ‘செக் போஸ்ட்’ நிற்கிறது. மூன்றும் ஒரே சொல்தானா ஐயா, அல்லது ஒலி மட்டும் ஒத்துப்போனதா?

பதில்: ஒரே சொல்தான். அதன் மூலம் அரசனைக் குறிக்கும் ‘ஷா’ என்னும் பாரசீகச் சொல். எதிரியின் அரசனைத் தாக்கும்படி காயை நகர்த்தியவர் ‘ஷா’ என்று குரல் கொடுத்து எச்சரிப்பது வழக்கம். ஆட்டம் அரபு மக்கள் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றபோது அந்தக் குரலும் கூடவே சென்று, இலத்தீனில் ‘ஸ்காக்கஸ்’ என்றும் பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ என்றும் திரிந்து, ஆங்கிலத்தில் ‘செக்’ ஆயிற்று. ‘செஸ்’ என்பதும் அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மை வடிவிலிருந்து வந்ததுதான். எண்ணெய் ஆட்டும் நம் செக்கு மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது.

கேள்வி: ‘செக்மேட்’ என்றால் ‘அரசன் இறந்தான்’ என்று பொருளாமே?

பதில்: அரபியில் ‘மாத’ என்றால் ‘இறந்தான்’ என்பதால் அந்த விளக்கம் பரவிவிட்டது. பாரசீகத்திலோ ‘மாத்’ என்பது செய்வதறியாது திகைத்து நிற்பதைக் குறிக்கும். ஆட்டத்தில் அரசனை யாரும் வெட்டி எடுப்பதில்லை என்பதால், எனக்குப் பாரசீக விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

கேள்வி: அரசனைக் குறித்த சொல் ‘சரிபார்த்தல்’ என்ற பொருளுக்கு எப்படி வந்து சேர்ந்தது?

பதில்: செக் விழுந்ததும், போட்டு வைத்திருந்த திட்டமெல்லாம் அப்படியே நிற்க, அரசனைக் காப்பது ஒன்றே வேலையாகிவிடும். அந்தத் திடீர்த் தடைதான் 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் ஆட்டத்துக்கு வெளியேயும் அச்சொல்லின் பொருளானது. தடுப்பதிலிருந்து கட்டுக்குள் வைப்பதற்கும், அதற்காக ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் பொருள் படிப்படியாக நகர்ந்தது. சோதனைச் சாவடியில் இரண்டும் இன்றைக்கும் சேர்ந்தே இருக்கின்றன: முதலில் வண்டியை நிறுத்துகிறார்கள், பிறகு ஆவணங்களைப் பார்க்கிறார்கள்.

கேள்வி: பிரிட்டன் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் வரும் ‘எக்ஸ்செக்கர்’ இதோடு தொடர்புடையதா?

பதில்: இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பழைய பிரெஞ்சில் சதுரங்கப் பலகையை ‘எஸ்செக்கியே’ என்றார்கள். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், மாவட்ட வருவாயைத் திரட்டும் ஷெரீப்புகள் அரசக் கருவூலத்துக்கு வந்து கணக்கு ஒப்படைக்கும் மேசை ஏறத்தாழ 10 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்டது. காசுகள் உருண்டு விழாதிருக்க அதன் ஓரம் சற்று உயர்த்தப்பட்டிருந்தது. அதன்மேல் கோடு போட்ட கறுப்புத் துணியை விரித்து, பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒரு பத்தி, பவுண்டுக்கு ஒரு பத்தி என்று பிரித்து, கட்ட வேண்டிய தொகையையும் கட்டிய தொகையையும் வில்லைகளாக அடுக்கிக் காட்டினார்கள். ரோமன் எண்களில் கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. இந்த முறையிலோ எழுதப் படிக்கத் தெரியாத ஷெரீப்பும் தன் பாக்கியைக் கண்ணால் பார்த்துவிடலாம். கருவூலப் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், இந்த அலுவலகத்தைப் பற்றி எழுதிய நூலில், பலகையில் இரு அரசர்கள் மோதுவதுபோல இங்கே பொருளாளரும் ஷெரீப்பும் மோதுகிறார்கள் என்கிறார். மேசையின் பெயரே அலுவலகத்தின் பெயராகி, இன்றைய நிதியமைச்சர் வரை வந்துவிட்டது.

கேள்வி: வங்கிச் செக்கை ஆங்கிலேயர் ‘கியூ’ எழுத்திட்டும் அமெரிக்கர் ‘கே’ எழுத்திட்டும் எழுதுவது ஏன்?

பதில்: 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சொல் குறித்தது, மோசடியைத் தடுப்பதற்காகப் பிடித்து வைத்துக்கொள்ளும் அடிக்கட்டையைத்தான், கிழித்துக் கொடுக்கும் தாளுக்கு அந்தப் பெயர் பின்னால்தான் ஏறியது. ‘எக்ஸ்செக்கர்’ என்பதன் எழுத்துக்கூட்டைப் பார்த்து ஆங்கிலேயர் ‘கியூ’ சேர்த்தனர். அமெரிக்கர் பழைய வடிவத்தையே வைத்துக்கொண்டனர். அவர்கள் உணவகத்தில் பில்லைக்கூட ‘செக்’ என்றுதான் கேட்பார்கள்.

கேள்வி: சதுரங்கம் நம் நாட்டில் பிறந்த ஆட்டம் என்றால், நம் பெயர் ஏன் ஐரோப்பாவுக்குப் போகவில்லை?

பதில்: போயிருக்கிறது, ஆங்கிலத்துக்குத்தான் போகவில்லை. யானை, தேர், குதிரை, காலாள் என்ற நான்கு உறுப்புகளைச் சொல்லும் ‘சதுரங்க’ என்ற வடமொழிப் பெயர், பாரசீகத்தில் ‘சத்ரங்’, அரபியில் ‘ஷத்ரஞ்ச்’, ஸ்பானிய மொழியில் ‘அஹெத்ரேஸ்’, போர்ச்சுகீசியத்தில் ‘ஷத்ரேஸ்’ என்று உருமாறியிருக்கிறது. பலகையிலிருந்து துணிக்குத் தாவும் வழக்கம் அங்கும் உண்டு: ஆங்கிலேயர் ‘செக்ஸ்’ என்று சொல்லும் கட்டம் போட்ட சட்டையைப் போர்ச்சுகீசியர் ‘ஷத்ரேஸ்’ சட்டை என்பார்கள்.