பூச்சி கேள்வி-பதில்: தட்டான் வளையம், பயறு வண்டு, பீஜி மூட்டைப்பூச்சி

பெங்களூரில் நாலு மழை பெய்தால் போதும், பூச்சிக் கடிதங்கள் குவிந்துவிடும். இந்த முறை முக்கால்வாசி இணைசேர்க்கை பற்றியவை. வழக்கமாகச் சொல்வதுதான்: பூச்சியை மனிதரோடு ஒப்பிட்டு நியாய அநியாயம் பேசும் கடிதங்களுக்குப் பதில் கிடையாது.

அல்சூர் ஏரிக்கரையில் ஒரு ஊசித்தட்டான் இன்னொன்றின் கழுத்தை வாலால் பிடித்திருந்தது. பிடிபட்டது உடலை வளைத்து முதலாவதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. சண்டையா சார்?

சண்டை இல்லை, கலவி. பிடித்திருப்பது ஆண். அதன் வால் நுனியில் இருக்கும் பிடிப்பான்கள் பெண்ணின் கழுத்துப் பக்கம் கச்சிதமாகப் பொருந்தும். ஆணுக்கு விந்து வெளிவருவது, வாலாகத் தெரியும் நீண்ட வயிற்றின் ஒன்பதாம் கண்டத்தில் (உடல் துண்டில்). கலவி உறுப்போ முன்னால், இரண்டாம் மூன்றாம் கண்டங்களில். அதனால் முதலில் தன் வாலைத் தானே வளைத்து விந்தை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்கிறது. அதை வாங்கத்தான் பெண் வளைகிறது. 1979-இல் ஜோனதன் வாகே என்ற உயிரியலாளர் அமெரிக்க ஊசித்தட்டான் ஒன்றில் காட்டினார்: ஆண் முதல் வேலையாக, பெண்ணிடம் முன்பே சேர்ந்திருக்கும் வேறு ஆணின் விந்தைச் சுரண்டி எடுக்கிறது. ஏறத்தாழ 90 முதல் 100 சதவீதம் போய்விடும். தன்னுடையதை வைப்பது அப்புறம்தான். முட்டையிடும்போதும் கழுத்தை விடாமல் சில ஆண்கள் கூடவே போவதைப் பார்க்கலாம். அது காவல்.

ஆண் தேனீ கொட்டுமா?

கொட்டாது. முட்டையிடும் குழல் உருமாறித்தான் கொடுக்கு ஆனது. முட்டையே இடாத ஆணுக்கு அது எங்கிருந்து வரும்?

போட்டோ இணைத்துள்ளேன். என்ன பூச்சி, ஆணா பெண்ணா? உடனே சொல்லவும்.

போட்டோவில் தெரிவது ஒரு எல்இடி பல்பும் பழுப்பாக ஒரு கறையும். எத்தனை தடவை சொல்வது? பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள், மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுங்கள். அப்படி எடுத்தாலும் பல வண்டுகளில், அந்துப்பூச்சிகளில், கலவி உறுப்பு இருக்கும் வயிற்று நுனியை அறுத்து, காரக் கரைசலில் (ஆல்கலி) ஊறவைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் இனம் தெரியும். "உடனே" என்பதற்கு இங்கே இடமில்லை.

தட்டைப்பயறில் வண்டு. மேலே வெள்ளைப் புள்ளிகள். இந்த வண்டின் ஆணுறுப்பு முழுக்க முள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பெண்ணுக்கு இருப்பது வெறும் குழாய்தானே, எப்படித் தாங்குகிறது?

வெள்ளைப் புள்ளி முட்டை. புழு முட்டையின் அடிப்பக்கமாகவே பயறுக்குள் துளைத்துப் போய்விடும். அடுத்த முறை வாங்கியதும் ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். சமையலறைப் பிரச்சினை முடிந்தது.

"வெறும் குழாய்" என்றீர்கள் பாருங்கள், அதற்கு வருகிறேன். உங்களைக் குறை சொல்லவில்லை, எங்கள் துறையே இப்படித்தான் வளர்ந்தது. 1844-இல் லியோன் துஃபூர் என்ற பிரெஞ்சுப் பூச்சியியலாளர் பூட்டும் சாவியும் என்று ஒரு விளக்கம் சொன்னார்: ஆணுறுப்பு சாவி, பெண்ணுறுப்பு பூட்டு, ஒரே இனத்துக்குள்தான் பொருந்தும். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் எல்லாரும் சாவியை மட்டும் வரைந்தார்கள். ஒரு அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாகப் பார்த்திருக்கிறேன்: ஆணுறுப்புக்குத் தனி ஸ்லைடு, பெண்ணுக்கு ஒன்றுமில்லை. காரணமும் உண்டு. காரத்தில் போட்டால் ஆணின் கெட்டியான பாகங்கள் அப்படியே நிற்கும். பெண்ணின் தசை கரைந்துவிடும், மெல்லிய சவ்வு சுருங்கிப் படிந்துவிடும். மிஞ்சியதைப் பார்த்து "பெரிதாக ஒன்றும் இல்லை" என்று எழுதிவிட்டார்கள். 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, விலங்குகளின் கலவி உறுப்புப் பரிணாமம் பற்றிய 25 வருஷக் கட்டுரைகளை எண்ணிப் பார்த்தது. பாதியளவு ஆணை மட்டும் பார்த்தவை. பெண்ணை மட்டும் பார்த்தவை பத்தில் ஒன்றுகூட இல்லை.

உங்கள் பயறு வண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முள் பெண்ணின் பாதையைக் குத்திக் காயப்படுத்துகிறது, உண்மைதான். பெண் சும்மா இருப்பதில்லை, பின்னங்காலால் உதைக்கிறது. உதைக்க முடியாமல் செய்தால் கலவி நீள்கிறது, காயமும் கூடுகிறது. இது 2000-இல் தெரிந்தது. இந்த வண்டுக் குடும்பத்தில் எந்த இனத்தில் ஆணின் முள் கொடியதோ, அங்கே பெண்ணின் பாதைச் சுவரும் தடித்திருக்கிறது. முள்ளை லேசரால் மழித்த ஆண்கள், முட்டையைக் கருவாக்கும் போட்டியில் மற்ற ஆண்களிடம் பின்தங்கின. ஆக, இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மாறி வந்திருக்கின்றன. கலவி முடிந்த பிறகும் யாருடைய விந்தை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பதில் பெண்ணின் உடலுக்குப் பங்கு உண்டு என்று வில்லியம் எபர்ஹார்ட் என்ற உயிரியலாளர் 1985-லேயே வாதாடினார். பிரேசில் குகைகளில் நியோட்ரோக்லா என்று ஒரு சிறு பூச்சி. அதில் நுழைக்கும் உறுப்பு பெண்ணுக்கு, முள்ளும் பெண்ணுக்கு. கலவி 40 முதல் 70 மணி நேரம். இதையும் அந்த வீடியோக்காரர் சொன்னாரா? ஆணை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான்.

மாரத்தஹள்ளி பீஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) மூட்டைப்பூச்சி. ஆண் பெண்ணின் வயிற்றைக் குத்தியே விந்தைச் செலுத்துமாம். நிஜமா? பெண் பாவம் இல்லையா?

நிஜம். பாவமா இல்லையா என்பதற்கு முதல் பத்தியைப் பாருங்கள். பெண்ணுக்கு இனப்பெருக்கப் பாதை இருக்கிறது, ஆனால் அது முட்டையிட மட்டும். ஆண் வயிற்றுத் தோலைக் குத்தும். விந்து உடல் திரவத்தின் வழியே சூலகப் பக்கம் போய்ச் சேரும். குத்து விழும் இடத்தில், வயிற்றின் வலப்பக்கம், பெண்ணுக்கு ஒரு தனி உறுப்பே உருவாகியிருக்கிறது. காயத்தோடு உள்ளே வரும் கிருமிகளை அது சமாளிக்கிறது. மறுபடியும் பாருங்கள், பதில் பெண்ணிடம்தான் இருக்கிறது. மெத்தையை வெயிலில் காயப்போட்டால் மட்டும் போதாது; கட்டில் சட்டத்தின் இடுக்கையும் பாருங்கள்.

முடியைவிட மெல்லிய முட்டையிடும் குழலால் அத்திக்காயைக் குளவி எப்படித் துளைக்கிறது? வளைந்துவிடாதா?

நல்ல கேள்வி. நீளமான மெல்லிய கம்பியை நுனியில் அழுத்தினால் மடியும். குளவி அப்படி ஒரேயடியாகத் தள்ளுவதில்லை. குழல் ஒற்றைத் துண்டு அல்ல. பள்ளமும் மேடுமாக ஒன்றில் ஒன்று பொருந்திச் சறுக்கும் பட்டைகள். ஒன்று பிடித்து நிற்க இன்னொன்று முன்னேறும். அத்தியை வெளியிலிருந்து துளைக்கும் ஒட்டுண்ணிக் குளவியை நம்ம ஊர் இந்திய அறிவியல் கழகத்திலேயே ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். நுனியில் பற்கள், அந்தப் பற்களில் துத்தநாகம். மற்ற இடத்தைவிட அங்கே கெட்டி. அதனால் பழுக்காத காயிலும் நுனி மழுங்காமல் இறங்கும்.

பெண் கொசு ஒவ்வொரு முறை முட்டையிடவும் ஆண் வேண்டுமா?

வேண்டாம். டெங்கு பரப்பும் ஏடிஸ் பெண்ணுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு கலவி போதும். விந்தைச் சேர்த்துவைக்க மூன்று பைகள் இருக்கின்றன. ஆயுளுக்கும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு அதற்கு வேண்டியது உங்கள் ரத்தமும் கொஞ்சம் தண்ணீரும். பால்கனிப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டை வாரம் ஒருமுறை கவிழ்த்து, உட்பக்கத்தைத் தேய்த்தும் கழுவுங்கள். முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, ஓரத்தில் ஒட்டியிருக்கும்.