புது வெர்ஷன் போட்டேன், தேடல் செத்துப்போச்சு!

கேள்வி: மேஜெண்டோங்கிற ஆன்லைன் கடை சாஃப்ட்வேர்ல, 2.4.3 வெர்ஷன்ல கடை நடத்துறேன் சார். புது சர்வருக்கு மாறும்போது எல்லாம் லேட்டஸ்ட்டா இருக்கட்டும்னு கடையில தேடல் வேலைய பாக்குற எலாஸ்டிக்சர்ச் சாஃப்ட்வேர்ல 8-ஐ போட்டேன். இப்ப கடையில எதைத் தேடினாலும் எரர்தான். டேட்டாபேஸையும் மாத்தணுமா?

பதில்: ஐயோ, டேட்டாபேஸ்ல கைய வைக்காதீங்க! 2.4.3-க்கு எலாஸ்டிக்சர்ச் 7 வரிசைதான் செட் ஆகும், 8-க்கான சப்போர்ட் 2023-ல வந்த மேஜெண்டோ 2.4.6-லதான் வந்துச்சு, அதுலயும் தனி மாட்யூல் (கூடுதலா சேக்குற துணை சாஃப்ட்வேர்) போடணும், போதாக்குறைக்கு 8-ல பாஸ்வேர்டு பாதுகாப்பு தானாவே ஆன்ல இருக்கும், அதனால பழைய செட்டிங்ஸ வெச்சு கனெக்ட்டே ஆகாது. மைஎஸ்க்யூஎல்ங்கிற டேட்டாபேஸ்லயே நேரா தேடுற பழைய வழிய 2020-ல 2.4.0-லயே தூக்கிட்டாங்க, ஸோ அந்தப் பக்கமும் போக முடியாது.

8-ஐ எடுத்துட்டு 7 போட்டு ரீஇண்டெக்ஸ் (தேடலுக்கான பட்டியல், அதாவது இண்டெக்ஸ, புதுசா உருவாக்குறது) குடுங்க. தேடல் இண்டெக்ஸ் அழிஞ்சாலும் பயமில்ல, டேட்டாபேஸ்ல இருந்து திரும்ப உருவாக்கிக்கலாம். டேட்டாபேஸ் அப்படியில்ல, மைஎஸ்க்யூஎல் 5.7-ல இருந்து 8.0-க்குப் போய்ட்டா அப்படியே பின்னாடி இறங்க முடியாது, பழைய பேக்கப்தான் கதி. அதனால முதல்ல மேஜெண்டோ வெர்ஷன், அப்புறம் அதோட சிஸ்டம் ரெக்வயர்மெண்ட்ஸ் பட்டியல், அதுல இருக்கிறத மட்டும் போடுங்க. லேட்டஸ்ட் மோகம் மொபைலோட இருக்கட்டும் சார்.