மகனைத் தலைமுழுகினார்

அன்புள்ள ஐயா,

மொரீஷியசின் ரோஸ் ஹில்லிலிருந்து எழுதுகிறேன். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி, தமிழ்த் தேர்வின் கருத்தறிதல் பகுதியில் ‘தகப்பனார் மகனைத் தலைமுழுகினார்’ என்பதற்கு ‘மகனைக் குளிப்பாட்டினார்’ என்று பொருள் எழுதி மதிப்பெண்ணை இழந்தாள். ‘அதன்பின் அந்த வீட்டில் அவன் பெயரைக்கூட எவரும் எடுக்கவில்லை’ என்பது அடுத்த வரி. வீட்டில் பிள்ளைகள் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. மரபுத்தொடர்ப் பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

ஒரு தாத்தா

அன்புள்ள ஐயா,

பேத்தியைக் கடிந்துகொள்ளாதீர்கள். ‘ஆற்றில் தலைமுழுகினார்’ என்றிருந்தால் குளித்தவர் தகப்பனார். இங்கே ‘மகனை’ என்று இருக்கிறது. அந்த ‘ஐ’ உருபைக் கவனித்ததால்தான் அவள் ‘குளித்தார்’ என்று எழுதாமல் ‘குளிப்பாட்டினார்’ என்று எழுதியிருக்கிறாள். வீட்டில் தமிழ் பேசாத குழந்தை வேற்றுமை உருபை இவ்வளவு கூர்மையாக வாசித்திருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி.

அவள் தவறவிட்டது அடுத்த வரியை. குளிப்பாட்டிய பிள்ளையின் பெயரை எதற்காக எடுக்காமல் இருக்கவேண்டும்? தான் கண்ட பொருளைத் தொடர் இருந்த இடத்தில் வைத்து, முன்வரி பின்வரியோடு சேர்த்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இடறினால் பொருள் அதுவன்று. பலபொருள் ஒருசொல்லை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியலாம் என்று தொல்காப்பியம் சொல்வது மரபுத்தொடருக்கும் பொருந்தும்.

அதற்குமேல் சொல்லவேண்டியவர் நீங்கள்தான். இழவுக்குப் போய்வந்தால் தலைமுழுகுகிறோம் அல்லவா? உயிரோடிருக்கும் மகனைச் செத்தவனாக எண்ணி உறவை அறுத்துவிட்டார் அந்தத் தகப்பன். இதைத் தாத்தா சொல்லிக் கேட்ட பிள்ளை மறக்காது.

பட்டியலில் எனக்கு நம்பிக்கை இல்லை. ‘கைவிடுதல் என்றால் ஆதரவின்றி விடுதல்’ என்று உருப்போட்ட பிள்ளை, ‘பைக்குள் கைவிட்டான்’ என்ற வரியில் திகைத்து நிற்கும். ‘நண்பனைக் கைவிட்டான்’ என்பதையும் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். வேறுபாட்டை அவளே சொல்வாள். கிரியோலில் ‘கூத்மே’ என்று கேட்டால் அவள் உதவிக்குத்தானே ஓடுகிறாள்? அச்சொல்லின் பிரெஞ்சு மூலத்தைப் பிரித்தால் ‘அடித்தல்’, ‘கை’ என்ற இரண்டும்தான் இருக்கின்றன. அதை அவள் எந்தப் பட்டியலிலும் படிக்கவில்லை.

வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ‘போலீசைக் கண்டதும் திருடன் கம்பி நீட்டினான்’ என்பதை மட்டும் கொடுத்தால், அவன் இரும்புக் கம்பியைக் காட்டி மிரட்டினான் என்று ஒரு பிள்ளை எழுதுவதில் என்ன பிழை? ‘ஊரெல்லாம் தேடியும் அகப்படவில்லை’ என்று இன்னொரு வரியைச் சேர்த்துக் கொடுங்கள்.