வியாபாரியா, கடத்தல்காரரா?

வணக்கம் ஐயா,

எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். என் பூட்டனார் தோணி வைத்து யாழ்ப்பாணத்துக்குச் சரக்கு ஏற்றியவர். அவரை ஊரில் 'பெரிய வியாபாரி' என்பார்கள். அதே தொழிலைச் செய்த என் தாத்தாவை மட்டும் 'கடத்தல்காரர்' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பேச்சைக் கேட்டு அழுதிருக்கிறேன். ஒரே கடல், ஏறக்குறைய ஒரே சரக்கு. இருவருக்கும் நடுவில் என்னதான் மாறிப்போனது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். மாறியது சட்டம். அது எப்போது, எதனால் மாறியது என்று சொன்னால்தான் உங்களுக்குப் பதில் சொன்னதாகும்.

கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்து நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சிங்கள மன்னன் தமிழில் வெட்டுவித்தது. வெளிநாட்டு வணிகர்கள் ஊராத்துறைக்கு, இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. அப்புறம் உடைந்த கப்பலின் கணக்கு வருகிறது. யானை, குதிரை கொண்டுவந்த மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கு ஏற்றிய மரக்கலம் கெட்டால் செம்பாகம், அதாவது சரிபாதி, அரசுக்கு, செம்பாகம் உடையவனுக்கு. எனக்கு இந்த வேறுபாடுதான் முக்கியமாகப் படுகிறது. மன்னனுக்குப் படைக்கு யானையும் குதிரையும் தேவை, அதனால் அந்த வணிகனுக்குச் சலுகை. இந்தக் கடலில் எந்தச் சரக்குக்கு என்ன மரியாதை என்பதை அன்றே கருவூலத்தின் தேவைதான் முடிவு செய்திருக்கிறது.

இனி உங்கள் பூட்டனார் காலம். இரண்டு கரையும் பிரிட்டிஷ் ஆட்சியில். 1872இல் இலங்கையும் ரூபாய்க் கணக்குக்கு மாறியிருந்தது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நீராவிக் கப்பல் ஓடியது. எழும்பூரில் ரயில் ஏறியவர் கொழும்பில் இறங்கலாம். இங்கிருந்து அரிசியும் துணியும் போயின. அங்கிருந்து பாக்கு, கூரைக்கான பனஞ்சட்டம், சங்கு வந்தன. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர் வரைக்கும் போனது. கொழும்பு செட்டியார் தெருவில் நகரத்தார் அரிசியும் இறக்கினார்கள், கடனும் கொடுத்தார்கள். சுங்கம் அப்போதும் இருந்தது. ஆனால் தீர்வையைக் கட்டிவிட்டால் சரக்கு கரையேறும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1942இல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கை தவித்தது, அடுத்த ஆண்டு வங்காளத்தில் பஞ்சம். அரிசி அரசாங்கங்களின் கைக்குப் போய்விட்டது. போர் முடிந்த பிறகும் போர்க்காலக் கட்டுப்பாடுகள் போகவில்லை. இந்தியா 1947இல் அந்நியச் செலாவணிக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் சட்டம் போட்டது. இலங்கை 1948இல் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் 1953இல் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் கொண்டுவந்தது. அதற்குள், 1952இலேயே, ரப்பரைக் கொடுத்துச் சீனாவிடம் அரிசி வாங்க ஒப்பந்தமும் போட்டுவிட்டது. தஞ்சாவூர் எதிரே இருக்க, அரிசி சீனாவிலிருந்து வந்தது. இந்தியாவிடமும் அப்போது விற்க அரிசி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முன்பு தீர்வை கட்டினால் போதும். இப்போது லைசென்ஸ் வேண்டும். கொழும்பிலும் டில்லியிலும் அலுவலகம் வைத்திருப்பவருக்கு அது கிடைக்கும். தோணிக்காரர் எங்கே போவார்? உங்கள் பூட்டனாரைப் போன்றவர்களுக்குச் சட்டப்படி தொழில் செய்யும் வழியே அடைபட்டுப்போனது. அறுபதுகளில் அன்னியச் செலாவணி தீர்ந்து இலங்கை இறக்குமதியை மேலும் இறுக்கியபோது, சேலை, லுங்கி, பீடி இலை எல்லாம் வேதாரண்யத்துக்கும் யாழ்ப்பாணக் கரையின் வல்வெட்டித்துறைக்கும் நடுவே இரவில் போகத் தொடங்கின.

பணம் எப்படித் திரும்பியது என்று யோசித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அது கடலைத் தாண்டவே இல்லை. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர் திருச்சிப் பக்கத்துக் குடும்பத்துக்குப் பணம் அனுப்ப வேண்டும். சட்டப்படி அனுப்பக் கட்டுப்பாடு. அவர் அங்கே ஒருவரிடம் ரூபாயைக் கொடுப்பார். அந்த ரூபாய் சேலை அனுப்பியவரின் ஆளிடம் போகும். இங்கே சேலைக்காரர் அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார். இதுதான் உண்டியல். 1966 ஜூனில் இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைக்கும்வரை இரண்டு நாட்டு ரூபாயும் அரசுக் கணக்கில் சமம், டாலருக்கு 4.76. மாற்றத்தான் முடியாது.

இந்தக் கட்டுப்பாடுகளால் எல்லோரும் நொடிந்துபோனார்கள் என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். எழுபதுகளில் மிளகாயும் வெங்காயமும் இறக்குமதியாவது தடைப்பட்டதில் யாழ்ப்பாண விவசாயி தலைநிமிர்ந்தார். 1977இல் இலங்கை இறக்குமதிக்குக் கதவைத் திறந்ததும் அடிபட்டவரும் அவர்தான். கொழும்புத் துறைமுகத்தில் எல்லாம் இறங்கத் தொடங்கியபின் இரவுத் தோணிக்கும் லாபம் வற்றியது. 1983க்குப் பிறகு போர், கடலே மூடிக்கொண்டது.

இப்போது 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தைப் பாருங்கள். பாமாயிலுக்கு இந்தியாவில் வரி அதிகம், இலங்கையில் குறைவு. உடனே இலங்கையில் வனஸ்பதி ஆலைகள் முளைத்தன. மலேசியா, இந்தோனேசியா எண்ணெய் அங்கே வந்து, வனஸ்பதியாகி, வரியில்லாமல் இந்தியாவுக்குள் வந்தது. கடைசியில் இந்தியா ஆண்டுக்கு 2,50,000 டன் என்று வரம்பு வைக்க வேண்டியதாயிற்று. இதுவும் இரண்டு நாட்டுச் சட்டத்துக்கு நடுவிலிருந்த இடைவெளியில் பிழைத்த தொழில்தான். ஆனால் இதை யாரும் கடத்தல் என்று சொல்லவில்லை, ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் பெருமையாக ஏறியது. உங்கள் தாத்தா ஏற்றிய சேலையாவது இந்தக் கரையில் நெய்து, அந்தக் கரையில் ஒரு பெண் உடுத்தியது.

சட்டத்தை மீறினார் என்பது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் வியாபாரி. உங்கள் பூட்டனார் எந்த வகை வியாபாரியோ அதே வகை.

வீட்டுப் பரணில் பழைய பற்றுவரவு நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பூட்டனார் எழுதியது, தாத்தா எழுதியது, எதுவானாலும் சரி. கரையான் அரிப்பதற்குள் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சரக்கும் விலையும் பெயரும் எழுதிய ஒரு பக்கம் கிடைத்தாலும் போதும், உட்கார்ந்து படிக்கிறேன்.

அன்புடன்.