ஞாயிற்றுக்கிழமை அந்தக் குட்டி எங்கே இருக்கும்?

கேள்வி: எங்கள் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் பதினான்கு பேர் இருக்கிறோம். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இரவு பத்து மணி வரை வேலை. எல்லோருக்கும் மன அழுத்தம். ஒரு நாய்க்குட்டியைத் தத்தெடுத்து அலுவலகத்திலேயே வளர்த்தால் ஊழியர்களுக்கு ஆறுதலாக இருக்குமே என்று நினைக்கிறேன். வெளிநாடுகளில் இப்படிச் செய்கிறார்களாம். எந்த இனம் வாங்கலாம்? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தத்தெடுப்பதில் தொடங்கி வாங்குவதில் முடித்திருக்கிறீர்கள். அது போகட்டும். என்னை உறுத்துவது 'அலுவலகத்திலேயே' என்ற சொல்தான். பத்து மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு பதினான்கு பேரும் கிளம்பிய பிறகு அந்தக் குட்டி யாரோடு இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை? பொங்கல் விடுமுறையில்?

பல ஆண்டுகளுக்கு முன் நான் பிழை திருத்துபவனாக இருந்த அச்சகத்தில் இப்படித்தான் ஒரு குட்டியைச் சேர்த்துக்கொண்டோம். ஆளுக்கொரு பெயரிட்டோம். ஆளுக்கொரு பிஸ்கட் போட்டோம். தீபாவளிக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். குட்டியை வேறு யாராவது கொண்டு போயிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம். திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கினால், காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு கிடந்தது. தண்ணீர் இல்லை, மூன்று இரவும் வெளியே வெடிச்சத்தம். உயிர் பிழைத்தது. ஆனால் அதன்பின் எங்கள் யாரிடமும் அது வரவில்லை. பைண்டிங் பிரிவில் இருந்த ஒருவர் தம் வீட்டுக்குக் கொண்டு போனார். அங்கே பதினொரு வருடம் நன்றாக வாழ்ந்தது. அவர் ஒருவருடைய நாயாக வாழ்ந்தது. அந்த மூன்று நாளை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

இரண்டு மாதக் குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரமாவது தூங்கும். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க அதற்கு முடியாது. இரவிலும் யாராவது எழுந்து வெளியே தூக்கிப் போக வேண்டும். பதினான்கு வாரத்துக்குள் பலவகை மனிதர்களையும் ஓசைகளையும் அது பயமில்லாமல் பழகிவிட வேண்டும்; விட்டால் பிறகு பழக்குவது கடினம். ஆனால் பார்வோ போன்ற நோய்களுக்கான தடுப்பூசி வரிசை முடியவே ஏறக்குறைய பதினாறு வாரம் ஆகிவிடும். ஆகவே தெருவில் இறக்கி விடாமல், கையில் ஏந்தியே உலகத்தைக் காட்ட வேண்டும். மூன்றாம் மாதம் வெறிநாய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். குடற்புழு மருந்து தனி. அதற்கிடையில் மேசைக்கு அடியில் கம்ப்யூட்டர் வயரைக் கடிக்கும். பிறந்தநாள் கேக்கிலிருந்து யாரோ அன்பாகப் போடும் சாக்லேட் அதற்கு விஷம். வெங்காயமும் திராட்சையும்கூட அப்படித்தான். உங்களுக்கு ஆறுதல் தர வேண்டும் என்று நீங்கள் கூப்பிடுவது, ஆறுதல் தேவைப்படும் ஒரு கைக்குழந்தையை.

வெளிநாட்டைச் சொன்னீர்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எலன் ஓநீல் ஸ்டீவன்ஸ் என்ற அரசு வழக்கறிஞர், மாற்றுத்திறனாளியான தம் மகனுக்குத் துணையாக வந்த ஜீட்டர் என்ற நாயை 2003 வாக்கில் சிறார் நீதிமன்றத்துக்கு அழைத்து வந்தார். அங்கே வந்த பிள்ளைகள் அமைதியடைவதைக் கண்டு, 2004இல் அந்த வழக்கறிஞர் அலுவலகத்துக்கென்றே எல்லி என்ற நாய் வந்தது. சாட்சி சொல்லவரும் குழந்தைகளின் காலடியில் படுத்திருப்பது அதன் வேலை. எல்லி குட்டியாக அங்கே வரவில்லை. உதவி நாய்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனத்தில் வளர்ந்து, பயிற்சி முடித்து வந்தது. அதற்குப் பொறுப்பாக ஒருவர் இருந்தார்.

வட கரோலினாவில், ஊழியர்கள் தங்கள் நாய்களைக் கூட்டிவரும் ஒரு நிறுவனத்தில் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. நாயோடு வந்தவர்களுக்கு நாள் போகப்போக அழுத்தம் குறைந்திருந்தது; மற்றவர்களுக்குக் கூடியிருந்தது. கவனியுங்கள், அவை ஊழியர்களின் சொந்த நாய்கள். மாலையில் தங்கள் வீட்டுக்குப் போகிற நாய்கள்.

உங்கள் பதினான்கு பேரில் சிறுவயதில் நாய்க்கடி பட்டவர் இருக்கலாம். ஒவ்வாமையால் மூச்சிரைப்பவர் இருக்கலாம். நாயின் எச்சில் பட்டால் கழுவிச் சுத்தம் செய்துகொண்டுதான் தொழ வேண்டும் என்றிருப்பவர் இருக்கலாம். முதலாளி முகத்துக்கு நேரே 'எனக்கு வேண்டாம்' என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் கேளுங்கள். ஒரு சீட்டில் 'வேண்டாம்' என்றிருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் ஊழியர்களின் அழுத்தத்துக்குக் காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: இரவு பத்து மணி. அந்த இரண்டு மாதத்துக்குக் கூடுதலாக இரண்டு பேரை வேலைக்கு எடுங்கள். நாயைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகுதான்.

அப்போதும் ஆசை இருந்தால், முதலில் ஆளைத் தேடுங்கள்: 'இது என் நாய், என் வீட்டில் இருக்கும், செலவை அலுவலகம் ஏற்றாலும் பொறுப்பு என்னுடையது' என்று சொல்லும் ஒருவரை. வீட்டாரின் சம்மதமும் வேண்டும். தீவனச் செலவையும் மருத்துவச் செலவையும் அலுவலகம் ஏற்கட்டும். இனம் எதுவும் வேண்டாம். காப்பகத்துக்குப் போய் இரண்டு வயது தாண்டிய, சாந்தமான நாட்டு நாயைக் கேளுங்கள். குட்டியின் குணம் எப்படித் திரளும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வளர்ந்த நாயின் குணம் கண்ணுக்குத் தெரியும். அங்கே பராமரிப்பவர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

முதல் மாதம் வீட்டில் மட்டும். பிறகு வாரத்தில் இரண்டு நாள், ஓரிரு மணி நேரம். அலுவலகத்தில் அதற்கென ஒரு மூலை, பாய், தண்ணீர். அடிக்கடி கொட்டாவி விட்டால், உதட்டை நக்கினால், முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்குப் போதும் என்று பொருள். எழுந்து தன் மூலைக்குப் போனால் யாரும் பின்னால் போகக் கூடாது. அதை வளர்ப்பவர் வீட்டுக்குக் கிளம்பும்போது நாயும் கிளம்ப வேண்டும். தணிக்கை மாதத்திலும்.