கறிவேப்பிலைக்கு நாமே செய்யும் எல்இடி விளக்கு: கேள்வி பதில்

டிசம்பர் 21ஆம் தேதி டொராண்டோவில் பகல் ஒன்பது மணி நேரம்கூடத் தேறாது. லண்டனில் எட்டு தேறாது, ஒஸ்லோவில் ஆறு தேறாது. கோடை முழுக்க வெளியே தளதளவென்று நின்ற கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே எடுத்து வைத்த கொஞ்ச நாளில் மொட்டையாகிவிட்டது என்று வருஷா வருஷம் புலம்பல் வரும். "விளக்கு நீங்களே செய்யலாம், கேளுங்க" என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எனக்குப் பிழைப்பு பவர் எலக்ட்ரானிக்ஸ், செடி ஆசைக்கு. அதனால் வயரிங் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்க.

கேள்வி (ஸ்காபரோ): அண்ணா, என்ர கருவேப்பிலை ஜன்னலடியிலதான் நிக்குது. அறை நல்ல வெளிச்சமாத்தான் கிடக்கு. எண்டாலும் இலை எல்லாம் கொட்டுண்டு போகுது. லைட் கட்டாயம் வேணுமோ?

பதில்: வெளிச்ச விஷயத்தில் கண்ணை நம்பாதீங்க தங்கச்சி. உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ் (கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவு). விளக்கு போட்ட ஹால் இருநூறு முந்நூறு லக்ஸ். இரண்டையும் கண் "வெளிச்சம்" என்றுதான் சொல்லும், அது தன்னைச் சரிக்கட்டிக்கொள்ளும். செடிக்கு அந்த வித்தை தெரியாது. இலைமேல் விழும் ஒளித்துகள் எத்தனை என்பதுதான் அதற்குக் கணக்கு.

இரண்டு அளவுகளைத் தெரிந்துகொண்டால் போதும். ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) ஒளி விழுகிறது என்பது பிபிஎஃப்டி. நாள் முழுக்கச் சேர்ந்தது டிஎல்ஐ. மழை இந்த நிமிஷம் எவ்வளவு வலுத்துப் பெய்கிறது என்பது முதலாவது, அன்றைக்கு மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் என்பது இரண்டாவது. பிபிஎஃப்டியை மணி நேரத்தால் பெருக்கி, மறுபடி 0.0036ஆல் பெருக்கினால் டிஎல்ஐ. கறிவேப்பிலையைக் குளிர்காலம் தாண்ட வைக்க நான் வைத்துக்கொள்ளும் இலக்கு 250 மைக்ரோமோல், 14 மணி நேரம். பெருக்கினால் 12.6 வரும். உச்சிவெயில் 2000 மைக்ரோமோல் அளவில் இருக்கும் என்பதால் இது ஒன்றும் பேராசை இல்லை.

இன்னொன்று, தொட்டியைத் தொட்டுப் பாருங்க. ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வைத்த தொட்டியில் மண் ஜில்லென்று இருந்தால் எந்த விளக்கும் உதவாது. வேர் குளிர்ந்தால் செடி தூங்கிவிடும். தூங்குகிற செடிக்குக் கோடையில் ஊற்றிய அளவே தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். தொட்டியை உள்ளே தள்ளி, ஒரு பலகைமேல் ஏற்றி வையுங்க.

கேள்வி (ஹாரோ, லண்டன்): கடையில் எல்லாம் ஊதா நிற விளக்குதான் விற்கிறார்கள். நாம் செய்யும்போதும் சிவப்பு, நீல எல்இடி தனித்தனியாக வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். வெள்ளை போதும். 3000 முதல் 4000 கெல்வின் (வெள்ளையின் நிறச்சாயலைச் சொல்லும் எண்).

"செடிக்குப் பச்சை ஒளி பயன்படாது" என்ற நம்பிக்கை இலையிலிருந்து குளோரோஃபில்லைப் பிரித்தெடுத்துக் குப்பியில் அளந்த வரைபடத்தால் பரவியது. முழு இலை அப்படி நடந்துகொள்வதில்லை. மெக்ரீ என்ற ஆய்வாளர் பல பயிர்களின் இலைகளை நிறம் நிறமாக ஒளி பாய்ச்சி அளந்து 1972இல் வெளியிட்டார். பச்சையிலும் ஒளிச்சேர்க்கை நன்றாகவே நடக்கிறது, சிவப்பைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். பச்சை ஒளி இலைக்குள் ஆழமாகவும் இறங்கும். வெள்ளை எல்இடி என்பதே நீலச் சில்லுமேல் பாஸ்பர், அதாவது நீலத்தில் ஒரு பங்கை மற்ற நிறங்களாக மாற்றும் பொருள், பூசியது. நீலமும் பச்சையும் சிவப்பும் அதிலேயே இருக்கின்றன. 660 நானோமீட்டர் சிவப்பு கொஞ்சம் சேர்த்தால் மின்சாரம் சற்று மிச்சமாகும். முதல் விளக்குக்கு அந்த வேலை தேவையில்லை.

ஊதாவில் எனக்குப் பெரிய எரிச்சல் வேறு. அந்த ஒளியில் இலை பழுத்திருப்பது தெரியாது. ஹீட்டர் ஓடும் வறண்ட வீட்டில் கறிவேப்பிலைக்கு வரும் முதல் எதிரி சிலந்திப்பேன். இலைக்கு அடியில் தூசி மாதிரி இருக்கும், மெல்லிய நூலாம்படை கட்டும். வெள்ளை ஒளியில் உடனே கண்ணில் படும். ஊதாவில் செடியே போன பிறகுதான் தெரியும்.

கேள்வி (பிராம்ப்டன்): சார், நேரடியாகப் பாகங்கள் பட்டியல் சொல்லுங்கள். எத்தனை வாட், என்ன டிரைவர்?

பதில்: சரி, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செடியின் பரப்பு 60க்கு 60 சென்டிமீட்டர் என்று வைப்போம், 0.36 சதுர மீட்டர். அதன்மேல் 250 மைக்ரோமோல் விழ வேண்டுமென்றால் நொடிக்கு மொத்தம் 90 மைக்ரோமோல். விளக்கின் ஒளியில் ஒரு பங்கு சுவருக்கும் தரைக்கும் போய்விடும். அதனால் விளக்கிலிருந்து 130 புறப்பட வேண்டும். நல்ல எல்இடி ஒரு ஜூலுக்கு, அதாவது ஒரு வாட் ஒரு நொடி எரிவதற்கு, 2.5 மைக்ரோமோல் தரும். வகுத்தால் 52 வாட். டிரைவர் (மெயின்ஸ் மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) தின்பதையும் சேர்த்தால் பிளக்கில் 60 வாட் பக்கம்.

இதற்கு 56 சென்டிமீட்டர் நீள அலுமினிய அடிப்பலகை எல்இடி ஸ்ட்ரிப் நான்கு வாங்குங்க. பிரிட்ஜ்லக்ஸ் போன்றவை, அல்லது சாம்சங் எல்எம்301பி சில்லு பதித்தவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 வோல்ட், 700 மில்லியாம்பில் 14 வாட் எடுக்கும் ரகமாகப் பாருங்க. நான்கையும் ஒரே தொடராகக் கோர்த்தால் 80 வோல்ட் ஆகிவிடும். டிசி 60 வோல்ட்டுக்குமேல் போனால் கை பட்டால் ஆபத்து, அதைத் தொட வேண்டாம். இரண்டிரண்டாகத் தொடரில் கோர்த்து, அந்த இரு வரிசைகளைப் பக்க இணைப்பில் சேருங்க. 40 வோல்ட், 1400 மில்லியாம்ப். டிரைவர் "கான்ஸ்டன்ட் கரண்ட்" வகை, அதாவது கரண்டை மாறாமல் வைத்திருப்பது, 1400 மில்லியாம்ப், 42 வோல்ட் வரை தாங்குவது. மீன்வெல் மாதிரி நல்ல கம்பெனியாக இருக்கட்டும். காசு மிச்சம் பிடிக்கும் இடம் டிரைவர் இல்லை.

ஏன் கான்ஸ்டன்ட் கரண்ட்? எல்இடி சூடானால் அதன் வோல்ட் இறங்கும். நிலையான வோல்ட்டை மட்டும் கொடுத்தால் கரண்ட் ஏறும், அதனால் இன்னும் சூடாகும், கரண்ட் இன்னும் ஏறும், கடைசியில் கருகும்.

பக்க இணைப்பில் ஒரு கண்ணி உண்டு. ஒரு வரிசையில் வயர் கழன்றால் மொத்த 1400 மில்லியாம்பும் மற்ற வரிசைக்குப் போகும். உங்கள் ஸ்ட்ரிப்பின் உச்ச கரண்ட் அதைத் தாங்குமா என்று டேட்டாஷீட்டில் (கம்பெனி தரும் விவரத்தாள்) பார்த்த பிறகே வாங்குங்க.

ஸ்ட்ரிப்புகளை அலுமினிய யூ சேனலில் திருகிப் பிடியுங்க. அடியில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் மெல்லிசாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் போதும், வெண்ணெய் தடவுகிற வேலை வேண்டாம். நான்கையும் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் பரப்பினால் மின்விசிறியே தேவைப்படாது. ஒரு மணி நேரம் எரியவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சேனலின் முதுகைத் தொடுங்க. கையை வைத்திருக்க முடிந்தால் சரி. சுட்டுக் கையை எடுத்தால் அலுமினியம் போதவில்லை.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): பழைய எல்இடி பல்புகள் நிறைய இருக்கு அண்ணே. மேல்மூடியைக் கழட்டிட்டு உள்ளே இருக்கிற பலகையை மட்டும் வரிசையாக் கட்டினா என்ன?

பதில்: செய்யாதீங்க தம்பி. விலை குறைந்த பல பல்புகளில் மின்சாரத்தைத் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. சில்லு ஒட்டிய பலகை நேராக மெயின்ஸோடு சேர்ந்திருக்கும், அந்த மூடிதான் உங்களுக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரே காப்பு. செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் இடத்தில் அதைக் கழட்டி வைப்பது விபரீதம்.

மூடியோடேயே பயன்படுத்தலாமே. 1500 லூமன் (பல்பு தரும் மொத்த வெளிச்சம்) பல்பை 70ஆல் வகுத்தால் 21 மைக்ரோமோல். வெள்ளை எல்இடிக்கு இந்த 70 என்ற வகுத்தி ஓரளவு சரியாக வரும். நான்கு பல்பு, குடை போட்ட கிளாம்ப் விளக்குகள், கிட்டத்தட்ட 85. நான் மேலே சொன்ன 130ஐ எட்டாது, ஆனால் சின்னத் தொட்டிக்கு ஏகப்பட்டது. சாலிடரிங் தெரியாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கேள்வி (வேளச்சேரி): நாங்கள் வெளிநாட்டில் இல்லை, ஆனால் எங்கள் ஃபிளாட்டுக்குப் பக்கத்துக் கட்டடம் வெயிலை மறைத்துவிட்டது. புதினா, கொத்தமல்லிக்கு அலங்கார 12 வோல்ட் ஸ்ட்ரிப் ரோல் போதுமா? கரண்ட் பில் எகிறுமா?

பதில்: முளைக்கீரைக்கு, நாற்றுக்கு அந்த ரோல் ஒப்பேறும். புதினாவுக்கு இளைத்துப்போகும். அந்த ரோலில் மூன்று எல்இடிக்கு ஒரு ரெசிஸ்டர் இருக்கும். ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் அதிலேயே சூடாகப் போய்விடும். ஒட்டுகிற பிளாஸ்டிக் நாடாவுக்குச் சூட்டை இறக்கவும் வழியில்லை. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு ரிச்சி ஸ்ட்ரீட் போனால் அலுமினியப் பலகை ஸ்ட்ரிப்பும் கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவரும் கேட்டு வாங்குங்க. "ஐசோலேட்டட் டிரைவர்" (மெயின்ஸிலிருந்து தனிமைப்படுத்தியது) என்று அழுத்திச் சொல்லுங்க, இல்லாவிட்டால் கையில் கிடைத்ததைத் தருவார்கள்.

பில்லுக்குப் பயம் வேண்டாம். 30 வாட் விளக்கு என்று வைப்போம், 14 மணி நேரம், 60 நாள். இரண்டு மாதக் கணக்கில் 25 யூனிட்தான். வீட்டில் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் விளக்குக்கு முன் அதைப் போடுங்க.

கேள்வி (ஒஸ்லோ): இங்க இருட்டுதானே, 24 மணித்தியாலமும் எரிய விட்டா கெதியா வளருமோ?

பதில்: வளராது அக்கா. தக்காளியெல்லாம் ஓயாத வெளிச்சத்தில் இலை வெளுத்துக் கெட்டுவிடும். 14 மணி நேரத்துக்கு ஒரு டைமர் போட்டு மறந்துவிடுங்க.

கேள்வி (மிசிசாகா): ஆன்லைனில் "1000 வாட்" விளக்கு மலிவாகக் கிடைக்கிறதே, பிறகு ஏன் செய்வானேன்?

பதில்: பிளக் மீட்டரில் மாட்டிப் பாருங்க. அந்த 1000 பெரும்பாலும் பெயரில்தான் இருக்கும், இழுப்பது 100 சுமாராக இருக்கும். உண்மையான வாட்டைப் பார்த்து வாங்கினால் கடை விளக்கிலும் தப்பில்லை. கனடாவில் சிஎஸ்ஏ அல்லது சியுஎல் என்ற மின் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்க. நாமே செய்தாலும் டிரைவரில் அந்த முத்திரை வேண்டும், அலுமினியச் சட்டத்துக்கு எர்த் வேண்டும். வயர் பிளக்குக்கு முன் ஒரு வளைவு தொங்கட்டும், வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

கேள்வி (ஸ்காபரோ): எவ்வளவு உயரத்தில தொங்க விடுறது? அளக்கிற மீட்டர் சரியான விலை அண்ணா.

பதில்: 30 முதல் 40 சென்டிமீட்டர். போனில் லக்ஸ் மீட்டர் செயலி போட்டு, முன்பக்க சென்சார் விளக்கைப் பார்க்கும்படி இலை மட்டத்தில் வையுங்க. 250 மைக்ரோமோல் என்றால் 17,500 லக்ஸ். போனுக்குப் போன் மாறும், 15 ஆயிரத்திலிருந்து 20 ஆயிரத்துக்குள் காட்டினால் நிம்மதியாக இருங்க. நடுவிலும் நாலு மூலையிலும் பாருங்க. மூலையில் பாதிக்குக் கீழே போனால் ஸ்ட்ரிப்புகளை இன்னும் அகட்ட வேண்டும். புதுத் துளிர் நெட்டையாக, கணுக்கள் தள்ளித் தள்ளி வந்தால் வெளிச்சம் போதவில்லை. நுனியிலை வெளுத்துச் சுருண்டால் விளக்கு மிகக் கிட்டே.

கேள்வி (மார்க்கம்): வசந்தத்தில் எப்போது வெளியே வைக்கலாம்?

பதில்: இரவு தொடர்ந்து 12 டிகிரிக்குக் கீழே இறங்காதபோது. டொராண்டோவில் அது பொதுவாக மே கடைசி அல்லது ஜூன். ஆனால் எடுத்துக்கொண்டுபோய் நேராக வெயிலில் வைக்காதீங்க. 250 மைக்ரோமோலில் வளர்ந்த இலைக்கு 2000 தாங்காது, இரண்டே நாளில் காகிதமாக வெளுக்கும். முதல் வாரம் முழு நிழல், அடுத்த வாரம் காலை வெயில் மட்டும், அப்புறம் நாள் முழுக்க. வெளியே எடுக்கும் முன் நுனியைக் கிள்ளிவிடுங்க, பக்கக் கிளை வெடிக்கும். கிள்ளியது அன்றைய ரசத்துக்கு.