ஒரு குழந்தை, இரண்டு டாக்டர், ஒரே டயக்னோசிஸ்

கேள்வி: சென்னையிலிருந்து ஓர் அமெரிக்க மருத்துவமனைக்கு மெடிக்கல் கோடிங் (சிகிச்சையைக் காப்பீட்டு பில்லுக்கான எண்களாக மாற்றும் வேலை) செய்கிறேன். ஆஸ்துமா உள்ள 8 வயதுக் குழந்தைக்கு லேப்ராஸ்கோப்பியில் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். சர்ஜனுக்குப் பணம் வந்துவிட்டது. வார்டில் தினமும் பார்த்த குழந்தை மருத்துவரின் மூன்று நாள் கிளெய்ம் மட்டும், ‘ஆபரேஷன் கட்டணத்தில் அடக்கம்’ என்று டினையல் (மறுப்பு) ஆகிவிட்டது. மாடிஃபையர் 24 (கோடோடு சேர்க்கும் குறியெண்) போட்டு மறுபடி அனுப்பலாமா?
— வாசகி, குரோம்பேட்டை

பதில்: 24 வேண்டாம். ஆபரேஷன் செய்த சர்ஜனே (அல்லது அவர் குழுவில் அதே துறை டாக்டர்) சம்பந்தமில்லாத வேறு பிரச்னைக்குப் பார்த்தால்தான் அது. ஹாஸ்பிடலிஸ்ட் (வார்டு நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர், இங்கே அந்தக் குழந்தை மருத்துவர்) வேறு துறை; அவருக்கு மாடிஃபையரே தேவையில்லை.

முதலில் டயக்னோசிஸைப் (நோய்க் கோடு) பாருங்கள். ஹாஸ்பிடலிஸ்ட் கிளெய்மிலும் அப்பெண்டிக்ஸ் அழற்சிக்கான கே35.80 முதலில் நிற்கிறதா? கோளாறு பெரும்பாலும் அங்கேதான். இந்த ஆபரேஷனின் கோடான 44970-க்கு 90 நாள் குளோபல், அதாவது அத்தனை நாள் வழக்கமான கவனிப்பும் ஆபரேஷன் கட்டணத்திலேயே அடக்கம். மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) கணக்கில் முந்தைய நாளும் ஆபரேஷன் நாளும் சேர்த்து 92. மெடிக்கெய்டு (குறைந்த வருமானத்தாருக்கான அரசுக் காப்பீடு), தனியார் பிளான்கள் பலவும் இதையே ஒட்டிப் போகின்றன. காயம், தையல், வழக்கமான வலி, சாப்பாடு தொடங்குவது எல்லாம் சர்ஜன் வாங்கிய பணத்துக்குள் வந்துவிடும். ஹாஸ்பிடலிஸ்ட் பார்த்தது ஆஸ்துமாவை என்றால் ஜே45 வரிசைக் கோடு முதலில் வர வேண்டும். தினசரி விசிட்டுக்கு 99231 முதல் 99233 வரை, எம்டிஎம் (மருத்துவ முடிவெடுப்பின் சிக்கல் அளவு) அல்லது நேரத்தை வைத்து.

சார்ட் அதைத் தாங்க வேண்டும். ‘காயம் நன்றாக உள்ளது, வலி குறைவு’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது சர்ஜன் வேலை. வீசிங், ஆல்பியூட்டரால் மருந்து எத்தனை மணிக்கு ஒருமுறை, ஆக்சிஜன் எவ்வளவு, ஸ்டீராய்டு ஏன் என்று இருந்தால் தனி வேலை. முதல் நாளுக்கு, சர்ஜன் கருத்துக் கேட்ட குறிப்பு இருந்து, பிளானும் கன்சல்ட் கோடை ஏற்றால் 99252–99255, ஏற்காவிட்டால் முதல் நாள் வார்டு கவனிப்புக்கான 99221–99223.

சர்ஜன் பெயரில் அட்மிஷன் என்றால், வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஹாஸ்பிடலிஸ்டுக்கு 99238 (டிஸ்சார்ஜ் கோடு) போடாதீர்கள். அன்றும் 99231–99233தான். பலர் வழுக்குவது இங்கே.

மாடிஃபையர் 54 (ஆபரேஷன் மட்டும்), 55 (பிந்தைய கவனிப்பு மட்டும்) பற்றிக் குழம்ப வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிந்தைய பொறுப்பைக் கைமாற்றினால்தான் அவை; 55-க்கு அது எழுத்தில் இருக்க வேண்டும். அப்போதும் மெடிகேர் விதிப்படி 55 டிஸ்சார்ஜுக்குப் பிறகான கவனிப்புக்கே. வார்டு நாட்களுக்கு வழக்கமான விசிட் கோடுதான்.

சார்ட் ஒத்துப்போனால் டயக்னோசிஸைத் திருத்தி, கிளெய்ம் படிவத்தின் பாக்ஸ் 22-இல் 7-ஐயும் (திருத்திய கிளெய்ம் என்று காட்டும் எண்) பழைய கிளெய்ம் எண்ணையும் போட்டு அனுப்புங்கள். ஒத்துப்போகாவிட்டால், டினையலுக்குப் பிறகு டாக்டரிடம் ‘ஆஸ்துமா’ என்று சேர்த்து எழுதச் சொல்லாதீர்கள். அந்தத் தொகையைத் தள்ளுபடியில் போட வேண்டியதுதான்.